பெட்டிச் சாவி பெட்டிக்குள்ளே: பழைய மதர்போர்டில் புது எஸ்எஸ்டி



மேற்கு தாம்பரத்தில் முடிச்சூர் ரோடு பக்கம் என் மாமா ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். போர்டில்தான் ஜெராக்ஸ். உண்மையில் கடை ஓடுவது ஆன்லைன் அப்ளிகேஷனில். டிஎன்பிஎஸ்சி, பாஸ்போர்ட், பி.எஃப்., மே மாதம் வந்தால் இன்ஜினியரிங் கவுன்சலிங். இத்தனை வேலையையும் பார்ப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். 2012-ல் வாங்கியது. இன்டெல் எச்61 சிப்செட் போர்டு, ஐ3 2120 ப்ராசஸர், 8 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலப்போ கடைக்குள்ள தண்ணி வந்தபோது மாமா முதல்ல தூக்கிப் பரண்ல வச்சது இதைத்தான். (ஜெராக்ஸ் மெஷினைத் தூக்க முடியாது, அது வேற விஷயம்.)

போன வருஷம் அந்த ஹார்ட் டிஸ்க் சத்தம் போட ஆரம்பிச்சது. காலைல ஸ்விட்சைப் போட்டுட்டு எதிர்க்கடைல டீ குடிச்சிட்டு வந்தாலும் விண்டோஸ் முழுசா வந்திருக்காது. என்கிட்ட, லேப்டாப்புக்கு 1 டிபி போட்டப்போ கழட்டின 256 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒண்ணு டிராயர்ல சும்மா கிடந்தது. "சும்மா கிடக்கிறதை இதுல போட்டுத் தர மாட்டியாம்மா? நீதான் இன்ஜினியராச்சே" என்றார் மாமா. மாட்டேன்னு சொல்ல முடியுமா?

ரிச்சி தெருவுக்குப் போய் எம்.2-வை பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் செருகும் அடாப்டர் ஒன்று வாங்கினேன். சில நூறு ரூபாய்தான். அதில் மூளை எதுவும் கிடையாது, வெறும் கம்பிப் பாதைகளும் ஒரு வோல்டேஜ் ரெகுலேட்டரும்தான். கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டர், அதனால் பெரிய எக்ஸ்16 ஸ்லாட் காலியாகவே இருந்தது. செருகினேன். விண்டோஸுக்குள் போனால் டிரைவ் அழகாகத் தெரிகிறது. ஃபார்மேட் ஆகிறது, காப்பி ஆகிறது. சந்தோஷமா ரீஸ்டார்ட் பண்ணி பயாஸுக்குள் போய்ப் பார்த்தால், பூட் லிஸ்டில் அப்படி ஒரு டிரைவே இல்லை.

உள்ளே போனால் தெரிகிறது, வாசலில் நின்றால் தெரியவில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த வாசலைப் பற்றித்தான்.

ஏன் தெரியவில்லை?

ஸ்விட்சைப் போட்டதும் முதலில் ஓடுவது விண்டோஸ் இல்லை. மதர்போர்டில் எட்டுக் கால் உள்ள ஒரு சின்ன ஃப்ளாஷ் சிப் இருக்கும். 4 எம்பியோ 8 எம்பியோ இருக்கும், நம்ம வாட்ஸ்அப் வீடியோ ஒண்ணுகூட உள்ளே போகாது. அதிலுள்ள ஃபெர்ம்வேர்தான் முதலில் ஓடுகிறது. 2011-க்குப் பிறகு வந்த பெரும்பாலான போர்டுகளில் இது பழைய பயாஸ் இல்லை, யூஇஎஃப்ஐ. பழக்கதோஷத்தில் பயாஸ் என்றே சொல்கிறோம், நானும் அப்படியே சொல்கிறேன்.

யூஇஎஃப்ஐ எழுந்திருப்பது படிப்படியாக நடக்கும். பெய் என்ற கட்டத்தில் ரேமை எழுப்பும். அடுத்து டிஎக்ஸ்இ என்ற கட்டம். இங்கேதான் டிரைவர்களை வரிசையாக ஏற்றும்: கீபோர்டுக்கு ஒன்று, திரைக்கு ஒன்று, யூஎஸ்பிக்கு ஒன்று, சாட்டா டிஸ்குக்கு ஒன்று. கடைசியாக பிடிஎஸ் என்ற கட்டம், அதாவது எதிலிருந்து பூட் செய்வது என்று தேர்ந்தெடுப்பது. டிஎக்ஸ்இ கட்டத்தில் எந்த டிஸ்குக்கு டிரைவர் ஏறவில்லையோ, அந்த டிஸ்க் பிடிஎஸ் கண்ணில் படாது.

பழைய சாட்டா டிஸ்குகள் பேசுவது ஏஎச்சிஐ என்ற மொழி. 2004-ல் வந்தது, சுழலும் தட்டுக்காக யோசித்து எழுதியது. ஒரே ஒரு க்யூ, அதில் 32 கட்டளைகள். தாம்பரம் ஸ்டேஷனில் ஒரே ஒரு டிக்கெட் கவுன்ட்டர் திறந்திருந்து, அதன் முன்னால் 32 பேர் நிற்பது மாதிரி. ஹார்ட் டிஸ்குக்கு அதுவே அதிகம். ஃப்ளாஷ் மெமரிக்கு அது பத்தாது. அதனால் 2011 மார்ச்சில் என்விஎம்இ 1.0 வந்தது. இதில் 65,000-க்கும் மேல் க்யூ வைக்கலாம், ஒவ்வொன்றிலும் 65,000-க்கும் மேல் கட்டளைகள் நிற்கலாம். சாட்டா கேபிளும் வேண்டாம், நேராக பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையிலேயே ஓடும்.

வேடிக்கை என்னன்னா, எச்61 சிப்செட்டும் அதே 2011-ன் ஆரம்ப மாதங்களில்தான் வந்தது. ரெண்டு பேரும் ஒரே வருஷத்துப் பிள்ளைங்க, ஆனா ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. சாதாரண ஜனங்கள் வாங்குகிற என்விஎம்இ டிரைவ்கள் கடைக்கு வந்ததே 2015-ல்தான். அதற்குள் எச்61 போர்டு செய்தவர்கள் எல்லாரும் அடுத்தடுத்த போர்டுகளுக்குப் போய்விட்டார்கள். பழைய போர்டுக்கு யார் உட்கார்ந்து டிரைவர் சேர்த்துத் தருவார்கள்? 2014-ல் வந்த 9 சீரீஸ் போர்டுகளிலிருந்துதான் கம்பெனிகளே பயாஸ் அப்டேட்டில் என்விஎம்இ டிரைவரைக் கொடுத்தன.

"விண்டோஸில் டிரைவர் இருக்கே, அது போதாதா?" என்று கேட்கலாம். இருக்கிறது, 8.1-லிருந்தே இருக்கிறது. ஆனால் அந்த டிரைவர் எங்கே இருக்கிறது? விண்டோஸுக்குள். விண்டோஸ் எங்கே இருக்கப் போகிறது? எஸ்எஸ்டிக்குள். எஸ்எஸ்டியைத் திறக்க என்ன வேண்டும்? டிரைவர். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. அந்தச் சாவிக்கு ஒரு நகல் எடுத்து ஃபெர்ம்வேர் சிப்பில் வைக்க வேண்டும். மாட் பண்ணுவது என்றால் அவ்வளவுதான்.

(கிராபிக்ஸ் கார்டு மட்டும் எப்படிச் செருகியதும் வேலை செய்கிறது? அது தன் சாவியைத் தானே கழுத்தில் மாட்டிக்கொண்டு வருகிறது. ஆப்ஷன் ராம் என்று பெயர். 2015-ல் வந்த சாம்சங் 950 ப்ரோ எஸ்எஸ்டியிலும் அது இருந்தது, அதனால் பல பழைய போர்டுகளில் மாட் இல்லாமலே பூட் ஆகும். இப்போது கிடைக்கும் டிரைவ்களில் அந்த வசதியை எதிர்பார்க்காதீர்கள்.)

சிப்பைத் தொடாமல் செய்ய முடியாதா?

முடியும். நானும் முதலில் இங்கேதான் நின்றிருக்க வேண்டும்.

லினக்ஸ் என்றால் வேலையே இல்லை. கெர்னலும் பூட் கோப்புகளும் இருக்கும் பூட் பார்ட்டிஷனை மட்டும் ஹார்ட் டிஸ்கிலோ பென் டிரைவிலோ வையுங்கள், மீதி எல்லாம் என்விஎம்இயில். ஃபெர்ம்வேர் கெர்னலை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். கெர்னலுக்குள் 2012-லிருந்தே என்விஎம்இ டிரைவர் இருப்பதால் மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

விண்டோஸ் என்றால் க்ளோவர் என்ற பூட்லோடரை ஒரு பழைய பென் டிரைவில் போட்டு, அதன் டிரைவர் ஃபோல்டரில் என்விஎம்இ டிரைவர் கோப்பை வைத்துவிடலாம். கம்ப்யூட்டர் பென் டிரைவிலிருந்து க்ளோவரை எழுப்பும், க்ளோவர் டிரைவரை ஏற்றும், அப்புறம் எஸ்எஸ்டியிலிருந்து விண்டோஸ் எழும். போர்டுக்கு ஒரு கீறல் விழாது. வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

மாமா கடையிலும் இதைத்தான் முதலில் செய்தேன். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் ஒரு கஸ்டமர் தன் பென் டிரைவ் என்று நினைத்து க்ளோவரைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவுக்கு ஏது பாதுகாப்பு!

சிப்புக்குள் போகிறோம்

சேர்க்க வேண்டிய டிரைவர் ரகசியமானது இல்லை. டியானோகோர் என்ற திறந்த மூல யூஇஎஃப்ஐ திட்டத்தின் இடிகே2 கோடில் என்விஎம் எக்ஸ்பிரஸ் டிஎக்ஸ்இ என்ற பெயரில் இருக்கிறது. அதை எஃப்எஃப்எஸ் என்ற வடிவத்தில் கட்டினால் ஃபெர்ம்வேருக்குள் வைக்கக்கூடிய ஒரு மாட்யூல் கிடைக்கும். இது செய்வது சின்ன வேலைதான். பிசிஐ சாதனங்களில் "நான் என்விஎம்இ" என்று சொல்வதைக் கண்டுபிடிக்கும், அதோடு பேச க்யூ அமைக்கும், "இதோ ஒரு டிஸ்க்" என்று ஃபெர்ம்வேரிடம் நீட்டும். அப்புறம் பார்ட்டிஷனைப் படிப்பதும், ஃபாட் ஃபைல் சிஸ்டத்தைப் படிப்பதும், பூட்லோடரை எடுப்பதும் ஏற்கனவே அங்கிருக்கும் மற்ற டிரைவர்களின் வேலை. விண்டோஸ் பொறுப்பேற்றதும் இந்த டிரைவருக்கு ரிட்டயர்மென்ட், விண்டோஸ் தன் சொந்த டிரைவரைப் போட்டுக்கொள்ளும். அதனால் "மாட் பண்ண டிரைவர் ஸ்லோவா இருக்குமா" என்ற பயம் வேண்டாம்.

போர்டு கம்பெனி தளத்திலிருந்து கடைசி பயாஸ் கோப்பை இறக்கி, யூஇஎஃப்ஐ டூல் என்ற மென்பொருளில் திறந்தேன். (புதிய 'என்இ' பதிப்புகள் பார்க்க மட்டும்தான், திருத்த 0.28 அல்லது அதற்கு முந்தையது வேண்டும்.) மரம் மாதிரி கிளை கிளையாக விரிந்தால் அது யூஇஎஃப்ஐ. விரியவே இல்லை என்றால் உங்களுடையது நிஜமான பழைய பயாஸாக இருக்கலாம். 2011 எச்61 போர்டுகளிலேயே அப்படிச் சில உண்டு, அங்கே டிஎக்ஸ்இ என்ற கட்டமே கிடையாது, க்ளோவர்தான் கதி.

டிஎக்ஸ்இ டிரைவர்கள் வரிசையாக இருக்கும் வால்யூமைத் தேடி, கடைசி டிரைவர் மேல் வலது க்ளிக், "இதற்குப் பின் செருகு", மாட்யூலைக் காட்டி, சேவ். பத்து நிமிஷம். இவ்வளவு சுலபமா இருக்கேன்னு அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்.

நிறைய போர்டுகள் மாற்றிய கோப்பை வாங்காது. கையெழுத்து சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிடும். எங்க போர்டு ஒரு வார்த்தை சொல்லாம வாங்கிக்கிச்சு. அன்று சனிக்கிழமை சாயந்திரம், கடை மூடிய நேரம். கரண்ட் போனால் தாங்க இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். பேக்கப் எடுத்தேனா? இல்லை. கம்பெனி கோப்புதான் கையில் இருக்கே என்ற தைரியம்.

100 சதவீதம் என்று வந்தது. ரீஸ்டார்ட். ஃபேன் இரண்டு வினாடி சுற்றியது, நின்றது. மறுபடி சுற்றியது, நின்றது. திரை இருட்டு.

"என்னம்மா, மூச்சு விடுது, பேச மாட்டேங்குது?" என்றார் மாமா.

அது பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். திங்கட்கிழமை காலையில் கவுன்சலிங் பதிவுக்கு வாசலில் ஆள் நிற்கும். வேற கடைக்குப் போகச் சொன்னால் போய்விடுவார்கள், திரும்ப வருவார்களா என்பது தெரியாது. மாமா திட்டவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு, "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை

ரிச்சி தெருவில் ஞாயிறு பெரும்பாலான கடை மூடியிருக்கும். நல்லவேளை, சேலையூரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் என் ஈசிஇ தோழியிடம் சிஎச்341ஏ என்ற ப்ரோகிராமர் இருந்தது. ஃப்ளாஷ் சிப்பை நேரடியாகப் படிக்கவும் எழுதவும் உதவும் சின்ன யூஎஸ்பி பலகை. எங்க அதிர்ஷ்டம், போர்டில் சிப் சாக்கெட்டில் செருகியிருந்தது, மெதுவாக நெம்பி எடுத்துவிடலாம். சால்டர் செய்திருந்தால் கவ்வும் க்ளிப் வேண்டும், அது ஒரு பொறுமைச் சோதனை. எடுக்கும் முன் பவர் கேபிளைப் பிடுங்கி, சிப்பின் முதல் காலைக் காட்டும் புள்ளி எந்தப் பக்கம் என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பிச் செருகினால் சிப் காலி. இன்னொன்று, கறுப்புப் பலகையில் வரும் பல சிஎச்341ஏ-க்களில் டேட்டா லைன்களில் 5 வோல்ட் வருகிறது, இந்தச் சிப்களுக்கோ 3.3 வோல்ட்தான் கணக்கு. என் தோழி அதைத் திருத்தி வைத்திருந்தாள்.

நான் உடனே கம்பெனி கோப்பை எழுதப் போனேன். அவள் கையைத் தட்டிவிட்டாள். "செத்ததா இருந்தாலும் முதல்ல படிச்சு வைடி."

அவள் சொன்னது ரொம்ப சரி. சிப்பில் இருப்பது பயாஸ் மட்டும் இல்லை. போர்டின் சீரியல் எண், யூயூஐடி, பல போர்டுகளில் லேன் மேக் முகவரி எல்லாமே அங்கேதான். பிராண்டட் கம்ப்யூட்டர் என்றால் விண்டோஸ் சாவியும் இருக்கும். கம்பெனி தளத்தில் கிடைக்கும் கோப்பு எல்லாருக்கும் பொது, அதில் உங்கள் போர்டின் எண்கள் இருக்காது. மூன்று தடவை படித்து, மூன்றின் ஹாஷும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தோம். இருந்தது.

பிறகு இரண்டு ஜன்னலில் ஒரிஜினலையும் என் கோப்பையும் திறந்து மேலிருந்து கீழே ஒப்பிட்டோம். முக்கால் மணி நேரம். நான் மாட்யூலைச் செருகிய இடத்தில் தப்பே இல்லை. வேறொரு இடத்தில், நான் தொடவே தொடாத ஒரு வால்யூமில், 'பேட் ஃபைல்' ஒன்று காணாமல் போயிருந்தது.

பேட் ஃபைல் என்பது வெறும் அடைப்பு. உள்ளே ஒன்றும் கிடையாது, வரிசையாக எஃப்எஃப் மட்டும். அடுத்து வரும் மாட்யூல் சரியாகக் குறிப்பிட்ட முகவரியில் உட்கார வேண்டும் என்பதற்காக வைப்பது. ரேம் எழும் முன் ஓடும் கோடு ஃப்ளாஷ் சிப்பிலிருந்தே நேரடியாக ஓடுகிறது, முகவரி முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். தாம்பரம் பிளாட்பாரத்தில் எஸ்5 இங்கே நிற்கும் என்று போர்டைப் பார்த்து நிற்கிறோம். நடுவில் யாரோ ஒரு காலிப் பெட்டியைக் கழட்டிவிட்டார்கள். காலிப் பெட்டிதானே? ஆனால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாப் பெட்டியும் இடம் மாறிவிடும். நாம் ஏறப் போனால் அங்கே கதவே இல்லை. எங்க போர்டும் அப்படித்தான் ஏறப் பார்த்து, விழுந்து, மறுபடி ஏறப் பார்த்துக்கொண்டிருந்தது.

யூஇஎஃப்ஐ டூல் சில கோப்புகளைத் திரும்பக் கட்டும்போது இப்படிச் செய்யும் என்பது இந்த வேலை பார்ப்பவர்களுக்குத் தெரிந்த விஷயமாம். எனக்குத்தான் தெரியாது. சேவ் செய்ததும் பேட் ஃபைல்கள் முன்பு இருந்த மாதிரியே இருக்கின்றனவா, கூடவோ குறையவோ செய்திருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் எழுதாதீர்கள். மாறியிருந்தால் ஏஎம்ஐயின் எம்எம்டூல் 4.50-ஐ வைத்துச் செருகுங்கள். எங்க போர்டில் இருந்தது ஏஎம்ஐயின் ஆப்டியோ 4, அதற்கான டூல் இதுதான். இடம் பத்தவில்லை என்று சொன்னால் (4 எம்பி சிப்களில் சொல்லும்) டிரைவரின் சின்ன வடிவம் ஒன்று கிடைக்கிறது, அதைப் போடுங்கள்.

எம்எம்டூலில் செருகி, யூஇஎஃப்ஐ டூலில் திறந்து சரிபார்த்தோம். பேட் ஃபைல் எல்லாம் அதனதன் இடத்தில். செத்த சிப்பின் டம்பில் மேக் முகவரியை ஹெக்ஸ் எடிட்டரில் தேடி (போர்டு மேலேயே ஸ்டிக்கரில் அச்சடித்திருக்கும்), சீரியல் எண்ணோடு சேர்த்து அதே இடத்தில் புதுக் கோப்பிலும் எழுதினோம். சிப்பில் எழுதி, மறுபடி படித்து, ஒப்பிட்டு, அப்புறம்தான் சாக்கெட்டில் செருகினேன். சிமாஸ் பேட்டரியை ஐந்து நிமிஷம் கழட்டி வைத்து மாட்டினேன். இரவு ஒன்பது மணி. ஸ்விட்சைப் போட்டதும் ஒரு பீப். அந்தச் சத்தத்துக்கு இவ்வளவு சந்தோஷப்படுவேன்னு நினைச்சுகூடப் பார்த்ததில்லை.

பூட் லிஸ்டில் எஸ்எஸ்டியின் பெயர் வராது, அதைத் தேடாதீர்கள். பல போர்டுகளில் 'பாட்டா' என்று வரும். செருப்புக் கடை இல்லை, பழைய ஐடிஇ டிஸ்குக்கான பெயர். புதிய டிரைவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று ஃபெர்ம்வேருக்குத் தெரியாமல் வைக்கும் பெயர். மற்ற டிஸ்குகளைக் கழட்டிவிட்டு, பென் டிரைவை யூஇஎஃப்ஐ முறையில் பூட் செய்து, எஸ்எஸ்டியில் ஜிபிடி முறையில் விண்டோஸைப் போட்டேன். பழைய எம்பிஆர் முறை இங்கே நடக்காது. முடிந்ததும் லிஸ்டில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்று வந்தது. அதை முதலிடத்தில் வைத்தால் வேலை முடிந்தது. இதைப் பார்க்கும் வரை ஃபேக்டரி செட்டிங் எதையும் கிண்டாதீர்கள், செக்யூர் பூட் மட்டும் ஆஃபில் இருக்கட்டும்.

இவ்வளவு பாடும் பட்டதுக்கு லாபம் என்ன? ஐ3 2120-ல் இருப்பது பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0. நான்கு லேன் சேர்ந்து கணக்குப்படி வினாடிக்கு 2 ஜிபி, எங்களுக்கு 1.5 ஜிபி சுமார் வந்தது. எச்61-ல் சாட்டா போர்ட்டுகள் எல்லாமே 3 ஜிகாபிட் வகை, அதில் எவ்வளவு நல்ல எஸ்எஸ்டி போட்டாலும் 300 எம்பியைத் தாண்டாது. பேப்பரில் ஐந்து மடங்கு. ஆனால் நேர்மையாகச் சொன்னால், அப்ளிகேஷன் போடுகிற கம்ப்யூட்டரில் அந்த ஐந்து மடங்கு கைக்குத் தெரியாது. ஹார்ட் டிஸ்கிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் கிடைக்கும் வித்தியாசம்தான் பெரியது. புதிதாகக் காசு போட்டு வாங்குவதாக இருந்தால் சாதாரண சாட்டா எஸ்எஸ்டி வாங்கி மாட்டிவிட்டுப் போய்த் தூங்குங்கள். அரசு கொடுத்த பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கும் அதுதான். எம்.2 ஸ்லாட் இல்லாத லேப்டாப்பில் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஹாஸ்வெல் காலத்துக்கும் பிறகும் வந்த சில லேப்டாப்களில் இன்டெல் பூட் கார்டு இருக்கிறது, ஃபெர்ம்வேரில் முக்கியமான இடத்தில் ஒரு பைட் மாறினாலும் எழவே எழாது. என்விஎம்இ ஏற்கனவே கையில் இருக்கிறது, ப்ரோகிராமரும் இருக்கிறது, போர்டு செத்தால் உயிர் போகாது என்கிறவர்களுக்குத்தான் இது.

திங்கட்கிழமை காலை ஸ்விட்சைப் போட்டுவிட்டு மாமா வழக்கம்போல டீக்குக் கிளம்பினார். படி இறங்குவதற்குள் டெஸ்க்டாப் வந்துவிட்டது. ஒரு நிமிஷம் திரையைப் பார்த்தார். "பிரிண்டர்தான் இப்போ ஸ்லோவா தெரியுது. அதுக்கும் பயாஸ் இருக்காம்மா?"

இருக்கிறது. சொல்லவில்லை.

மீதி ஒரு பிரச்சனை இருக்கிறது, அதை எந்த மாட்டும் தீர்க்காது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான இலவச செக்யூரிட்டி அப்டேட் முடிந்தது, இந்த ப்ராசஸரை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்காது. கூடுதல் அப்டேட் திட்டத்தில் சேர்த்துவிட்டிருக்கிறேன், 2026 அக்டோபர் 13 வரை வரும். ஜனங்களோட ஆதாரும் சான்றிதழும் போய் வருகிற கம்ப்யூட்டர், அதுக்கு மேல் அப்படியே விட முடியாது. இப்போதைக்கு பழைய ஹார்ட் டிஸ்கில் லினக்ஸ் மின்ட் போட்டு, ஞாயிறுகளில் ஒவ்வொரு வேலையாகச் செய்து பார்க்கிறோம். ஸ்கேனர் ஓடுகிறது, தமிழ் டைப்பிங் ஓடுகிறது, ரேகை வைக்கும் கருவி மட்டும் இன்னும் அடம்பிடிக்கிறது.